கையளவு ஆகாயம் - 9: சுகோய்க்குப் பட்டி பார்க்கும் படலம்

புதுக்கோட்டைக்கு வடகிழக்கே இருக்கிறது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரி 20 அன்று ‘டைகர்ஷார்க்ஸ்’ எனப்படும் 222-வது படைப்பிரிவு, சுகோய்-30 எம்கேஐ விமானங்களோடு அங்கே குடியேறியது. தென்னிந்தியாவுக்கு வந்த முதல் சுகோய் படைப்பிரிவு அதுதான். விமானத்தின் நீளம் 21.9 மீட்டர். இரண்டு டவுன் பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த நீளம் வரும்.

அதையே 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 30 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேல் அளவு.

அதென்ன 72? அடி, அங்குலக் கணக்கு அது. ஆறடி மனிதர் ஓர் அங்குலமாகிவிடுவார். 1930-களில் பிரிட்டனில் வந்த மாடல்கள் இந்த அளவைப் பிடித்துக்கொண்டன. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாடல் விமானங்களைச் செய்து தரச் சொன்னபோதும் இதே அளவுதான். வானில் தெரிவது நம் விமானமா, எதிரியுடையதா என்று நிழலுருவை வைத்தே வீரர்கள் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். அதனால் அவற்றுக்குக் கறுப்பு வண்ணம் மட்டுமே பூசினார்கள்.

சென்ற வாரம் நம் பிளாஸ்டிக் சுகோய் மாடலின் உடற்பகுதியில் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒட்டி முடித்தோம். பசை காய்ந்ததும் இணைப்பில் ஒரு கோடு தெரியும். நிஜ விமானத்தில் அந்தக் கோடு கிடையாது. இனி நடப்பது கார் பட்டறையில் நடக்கும் அதே வேலை: பட்டி பார்ப்பது. பட்டியை இழுத்துவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். 400 எண் தாளில் தொடங்கி 1000, 1500 என்று நைஸாகப் போக வேண்டும். கண்ணை நம்பாமல் நகத்தால் வருடிப் பார்ப்பது நல்லது. நகம் தடுக்கினால் மறுபடியும் பட்டி.

அடுத்தது பிரைமர். சித்தன்னவாசல் குகையின் தாமரைக் குள ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 9-ம் நூற்றாண்டு ஓவியர்கள் வெறும் பாறையில் தூரிகையை வைக்கவில்லை. முதலில் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, பிறகுதான் வண்ணம். பிளாஸ்டிக்கும் பாறையைப் போலத்தான், வண்ணத்தை எளிதில் பிடிக்காது. சாம்பல் பிரைமருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எல்லாம் ஒரே நிறமானதும், பட்டி பார்த்ததில் விட்டுப்போன பள்ளம் பல்லை இளிக்கும்.

பூச்சு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? 0.1 மில்லிமீட்டர் கனத்தை 72-ஆல் பெருக்கினால் 7.2 மில்லிமீட்டர். நிஜ விமானத்துக்கு அவ்வளவு கனமாக யாராவது வண்ணம் அடிப்பார்களா? அதனால்தான் தூரிகையை வைத்துவிட்டு ஏர்பிரஷ்ஷை எடுக்கிறார்கள். பால் பதத்துக்குத் தின்னர் கலந்து, மூன்று நான்கு முறை மேலோட்டமாக அடிக்கிறார்கள்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம். மாடலை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை 72 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் நிறத்தை வெளிறச் செய்யும். விமானப்படையின் சாம்பலை அச்சு அசலாகக் கலந்து அடித்தால் மாடலில் அது இருண்டு தெரியும். ஆகவே சில சொட்டு வெள்ளை சேர்ப்பது வழக்கம்.

வானிலையும் வம்பு செய்யும். கத்திரி வெயிலில் அக்ரிலிக் வண்ணம் ஏர்பிரஷ் ஊசியின் நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில சொட்டு விட வேண்டும். ஐப்பசி அடைமழையிலோ, மணமேல்குடி போன்ற கடற்கரை ஊரின் ஈரக்காற்றிலோ லாக்கர் வண்ணம் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விடும்வரை காத்திருப்பதே மருந்து.

சுகோயின் வால்பக்கம் மட்டும் தனிக் கதை. இரட்டை எஞ்சின்களைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு வண்ணம் கிடையாது. சூட்டில் பழுப்பும் நீலமுமாக மாறிய வெற்று உலோகம். அந்த மினுமினுப்பு வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்துக்குப் பளபளக்கும் கறுப்பு அடிக்க வேண்டும். உலோக வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கறுப்பு எவ்வளவு வழவழப்போ, மேலே அவ்வளவு பளபளப்பு.

எனாமல் கறுப்பு காய ஒரு முழு நாளாவது ஆகும். தூசு விழாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவைக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தால், சுகோயின் எஞ்சின்மேல் கைரேகை அப்படியே பதிந்துவிடும்.

(அடுத்த வாரம்: அலுமினியப் பூச்சும் மூவண்ண வட்டமும்)