தலைகீழாகத் தொங்கும் மனிதன்: ஆமா, இல்லையா?



ரிசல்ட் வருவதற்கு முந்தைய வாரம் நம் விடுதியில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "பாஸ் ஆவேனா, மாட்டேனா?" ஊரில் என்றால் கிளி ஜோசியம் பார்ப்போம். விடுதிக்கு டாரட் சீட்டு வந்துவிட்டது. ஒரே ஒரு சீட்டை உருவி 'ஆம்', 'இல்லை' என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதை விளக்கவே இக்கட்டுரை.

டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அப்போது அது வெறும் சீட்டாட்டம்; துருப்பு வைத்து ஆடுவது. அதை வைத்துக் குறி சொல்லும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பரவியது. இன்று அதிகம் புழங்கும் படங்கள் 1909இல் லண்டனில் வெளிவந்தவை. திட்டம் போட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. மொத்தம் 78 சீட்டுகள்: பெரியவை 22, சிறியவை 56.

சீட்டு நேராக வந்தால் 'ஆம்', தலைகீழாக வந்தால் 'இல்லை' என்பது ஒரு முறை. படத்தின் குணத்தைப் பார்ப்பது இன்னொரு முறை: சூரியன் வந்தால் 'ஆம்', இடி விழும் கோபுரம் வந்தால் 'இல்லை'.

சிக்கல் 12ஆம் எண் சீட்டில்தான். ஒரு மனிதன் ஒற்றைக் காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். அந்தக் காலத்து இத்தாலியில் துரோகிகளை இப்படித்தான் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவார்கள். ஆனால் ஸ்மித்தின் படத்தில் அவன் முகம் அமைதியாக இருக்கிறது. தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு. இன்னொரு வேடிக்கை, சீட்டு தலைகீழாக வந்தால் இவன் நேராக நிற்பான்! ஆகவே பலரும் இதற்கு ஆம், இல்லை சொல்வதில்லை. "பொறு, கேள்வியை வேறு பக்கமிருந்து பார்" என்றே பொருள் சொல்கிறார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நமக்கு இது புதிதல்ல. ட்ரை-ஸ்டேட் பஃபரில் 0, 1 போக மூன்றாவது நிலை ஒன்று உண்டே! எனேபிள் கொடுக்காதவரை அவுட்புட் எந்தப் பக்கமும் பேசாது. தொங்கும் மனிதனும் அப்படித்தான்.

சரி, சீட்டுக்கு நம் ரிசல்ட் தெரியுமா? கணக்குப் போடுவோம். நேர், தலைகீழ் முறையில் நன்றாகக் கலைத்து எடுத்தால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. மனசு கேட்காமல் மூன்று தடவை எடுத்தால், மூன்றிலும் 'இல்லை' வர வாய்ப்பு 8இல் 1தான். அதாவது 8 பேரில் 7 பேருக்கு ஒரு 'ஆம்' எப்படியும் கிடைத்துவிடும். அந்த 7 பேரும் பாஸாகி விடுவார்களா என்ன?

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பத்தாவது முடித்ததும் அப்பா அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப்பூ வந்தால் பாலிடெக்னிக், சிவப்புப்பூ வந்தால் அவரோடு கொத்து வேலை. வெள்ளை வந்தது. ஆனால் சிவப்பு வந்திருந்தால் என் 431 மார்க் குறைந்தா போயிருக்கும்? அப்பாவின் நிஜமான கேள்வி, "பீஸ் கட்ட முடியுமா, படிச்சா வேலை கிடைக்குமா?" என்பதே. அதற்கான பதில் பூவில் இல்லை. ஸ்காலர்ஷிப் பாரத்திலும், சீனியர் அண்ணன்களிடமும் இருந்தது. கேட்க ஆள் தெரியாததால்தான் அவர் அம்மனிடம் போனார்.

என் தங்கை இப்போது பத்தாவது. "அவளுக்கும் பூக்கட்டிப் பாத்துடலாம்ப்பா" என்கிறார் அப்பா. "கும்பிட்டு வாங்கப்பா, ஆனா முடிவை அவ மார்க்கையும் ஆசையையும் வச்சுப் பண்ணுவோம்" என்று சொல்லியிருக்கிறேன். பாரம் வாங்கி வந்து கொடுக்கத்தான் இந்த முறை வீட்டில் ஒருத்தன் இருக்கிறேனே!

நண்பர்களே, பொழுதுபோக்காகச் சீட்டு எடுங்கள், தப்பில்லை. எந்தப் பதில் வந்தாலும், அரியர் பேப்பருக்குப் பணம் கட்டக் கடைசித் தேதியை மட்டும் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் பாருங்கள்.