செக்குமாட்டின் கோணத்தில் ஒளிந்திருக்கும் குரல்

ரத்தோட்டையில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “பெருவிரல் அளவு யூஎஸ்பி டொங்கிள் ஒன்றைப் பழைய மடிக்கணினியில் செருகினால் விமானம், செய்மதி, பொலிஸ், தொலைபேசி எல்லாவற்றையும் கேட்கலாம் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். டித்வா புயலின்போது எங்கள் பக்கம் போன் வேலை செய்யவில்லை. அந்த மாதிரி நேரத்தில் இது உதவுமா? விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் போடச் சொல்கிறார்களே, ஏன்?”

அந்தப் பட்டியலில் பாதியை முதலில் கழித்துவிடுவோம். கைத்தொலைபேசி உரையாடல்கள் மறைகுறியாக்கப்பட்டவை. எந்த டொங்கிளைச் செருகினாலும் இரைச்சல்தான் கிடைக்கும். பிறருக்குரிய தகவலை இடைமறித்துக் கேட்பதும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் அலை பரப்புவதும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி குற்றம். அதனால் பொலிஸ் வானொலி என்ற ஆசையையும் விட்டுவிட வேண்டும்.

புயல் நேரத்துக்கு உதவுமா என்பதற்கு என் பதில்: நேரடியாக உதவாது. இந்தக் கருவி கேட்கும், பேசாது. 2004 ஆழிப்பேரலையின்போது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை அமெச்சூர் வானொலியாளர்கள். அவர்களிடம் அனுப்பும் கருவி இருந்தது, மின்கலம் இருந்தது, அனுமதிப்பத்திரம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பல வருடப் பழக்கம் இருந்தது. மண்சரிவு எச்சரிக்கை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நக்கிள்ஸ் சரிவில் குடியிருப்பவர்கள் அந்த எச்சரிக்கைக்குத்தான் காது கொடுக்க வேண்டும். டொங்கிள் உயிர் காக்கும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.

அப்படியானால் எதற்காக இதைப் பற்றி எழுதுகிறேன்? வானொலிப் பெட்டிக்குள் இரும்பும் செம்பும் சேர்ந்து செய்த வேலையைப் பாடசாலைக் கணிதம் செய்வதை ஒரு மாணவர் தன் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இதன் உண்மையான மதிப்பு அதுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த டொங்கிள் வானொலிக்காகச் செய்யப்பட்டதே அல்ல. ஐரோப்பிய முறை டிஜிட்டல் தொலைக்காட்சியைக் கணினியில் பார்ப்பதற்காக ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யூ என்ற சில்லை வைத்துச் செய்தார்கள். இலங்கை 2014இல் ஜப்பானிய முறையைத் தேர்ந்துகொண்டதால் இங்கே தொலைக்காட்சி பார்க்கவும் அது பயன்படாது. 2012இல் பின்லாந்தைச் சேர்ந்த லினக்ஸ் நிரலாளர் அன்ட்டி பலோசாரி, இந்தச் சில்லு பண்பலை வானொலியை எடுக்கும்போது எதையும் பிரித்தறியாமல் பச்சை எண்களாக அப்படியே கணினிக்குக் கொட்டுகிறது என்று கவனித்தார். ஒஸ்மோகொம் குழுவினர் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். ஆயிரக்கணக்கான டொலர் கேட்ட ஒரு வசதி சில பத்து டொலருக்கு வந்தது. இனி அந்தப் பச்சை எண்களைப் பார்ப்போம். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

எண்ணெய்ச் செக்கு ஒன்றைச் சுற்றி மாடு நடக்கிறது. தூரத்தில், மாட்டின் கண் மட்டத்தில் நின்று பார்க்கும் ஒருவருக்கு அது இடமும் வலமுமாகப் போய் வருவது மட்டும்தான் தெரியும். வலஞ்சுழியாகச் சுற்றுகிறதா, இடஞ்சுழியாகவா என்று அவரால் சொல்லவே முடியாது. செக்கிலிருந்து பார்த்தால் அவருக்குச் செங்கோணத் திசையில் இன்னொருவரை நிறுத்துங்கள். அவருக்கும் இட வல அசைவுதான் தெரியும். ஆனால் இருவரும் ஒரே கணத்தில் ஆளுக்கோர் எண்ணைச் சொன்னால் மாடு நிற்கும் இடம், சுற்றும் திசை, கயிற்றின் நீளம் மூன்றும் வெளிச்சமாகிவிடும். டொங்கிள் கணினிக்கு அனுப்புவது இந்த எண்சோடியைத்தான். உயர்தர இணைந்த கணிதத்தில் சிக்கலெண் படித்தவர்களுக்கு இது பழைய நண்பர்: ஒருவர் சொல்வது மெய்ப்பகுதி, மற்றவர் சொல்வது கற்பனைப்பகுதி.

வானொலி அலை என்ற மாடு சாதாரண வேகத்தில் நடப்பதில்லை. 98 மெகாஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகும் நிலையத்தின் மாடு வினாடிக்கு 9 கோடியே 80 இலட்சம் சுற்றுச் சுற்றும். அதைப் பார்த்து எண் சொல்ல யாராலும் ஆகாது. ஆகவே பார்ப்பவர்கள் இருவரையும் ஒரு சுழல்மேடையில் ஏற்றி, மேடையையும் ஏறத்தாழ அதே வேகத்தில் சுழற்றுகிறோம். இப்போது மாடு அவர்களுக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். வானொலியில் நிலையத்தைத் ‘திருப்புவது’ என்பது மேடையின் வேகத்தை மாற்றுவதுதான். டொங்கிளில் இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. அலையை முதலில் வாங்கும் இன்னொரு சில்லு மாட்டின் வேகத்தைப் பெருமளவு குறைத்துக் கொடுக்கிறது. ஆர்டிஎல் சில்லு அதை எண்களாக்கி, மிச்சச் சுழற்சியையும் கழித்துவிடுகிறது. செங்கோணத்தில் நிற்கும் அந்த இருவரும் சில்லுக்குள் இருக்கும் வெறும் பெருக்கல் கணக்குகள்.

அறிவிப்பாளர் பேசத் தொடங்குகிறார். பண்பலையில் குரல் செய்வது ஒன்றே: மாட்டைச் சற்று முடுக்குவது, சற்றுத் தாமதிக்க வைப்பது. அதிகபட்சம் 75 கிலோஹேர்ட்ஸ் முன்னே, அதே அளவு பின்னே. மேடையிலிருந்து பார்த்தால் நின்ற மாடு முன்னே நகர்கிறது, பின்வாங்குகிறது. அந்த நகர்வுதான் குரல். ஆகவே குரலை மீட்க வேண்டுமானால், இப்போது மாடு நிற்கும் கோணத்திலிருந்து முந்திய கணத்தின் கோணத்தைக் கழிக்க வேண்டும். அவ்வளவே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 2,40,000 எண்சோடி எடுத்தால், குரல் உச்சத்தில் இருக்கும்போது இரண்டு சோடிகளுக்கு இடையில் மாடு நகர்வது 112.5 பாகை. 180ஐத் தொடாததால் முன்னே போனதா பின்னே போனதா என்ற குழப்பம் வராது. சோடிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால் நகர்வு 225 பாகை. அப்போது முன்னே போன மாடு பின்னே போனதாகக் கணக்காகிவிடும், குரல் சிதையும்.

இடைப்பருவ மாதங்களில் பின்னேரம் இடி முழங்கும்போது மத்திய அலை வானொலி படபடக்கும். பண்பலை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஏன் என்று செக்கைக் கேளுங்கள். மின்னல் கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அதாவது வீச்சத்தை. மாடு நிற்கும் கோணத்தை அதனால் பெரிதாகக் கெடுக்க முடிவதில்லை. ஆனால் நிலையம் தூரமாகி அலை நலிந்தால் கயிறு குட்டையாகி மாடு செக்கின் நடுவுக்கே வந்துவிடும். அந்த இடத்தில் மாடு அரை அடி விலகினாலும் கோணம் தலைகீழாக மாறும். பண்பலை ஒரு மலைமுடக்கைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயாமல் திடீரென்று ‘உஸ்ஸ்’ என்று இரைச்சலாவது இதனால்தான்.

இன்னும் ஒரு படி போவோம். ஒரே செக்கில் பத்து மாடுகள், பத்து வேகத்தில். முதல் மாட்டின் முதுகைச் சுற்றி இரண்டாவது, அதன் முதுகைச் சுற்றி மூன்றாவது. பார்ப்பவர்களுக்குத் தெரிவது கடைசிப் புள்ளி ஒன்றுதான். எப்படிப் பிரிப்பது? மேடையை ஒவ்வொரு மாட்டின் வேகத்திலும் ஒரு தடவை சுழற்றிச் சராசரி எடுங்கள். அந்த வேகத்தில் போகும் மாடு மட்டும் அசையாமல் நிற்கும். மற்றவை எல்லாத் திசையிலும் சுற்றிச் சராசரியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பூரியர் மாற்றத்தின் உயிர்நாடி இது. ஜிகியூஆர்எக்ஸ் போன்ற மென்பொருளின் திரையில் நீல நிறத்தில் வழிந்தோடும் படத்தில் தெரியும் ஒவ்வொரு மஞ்சள் கோடும் அப்படி நின்றுபோன ஒரு மாடு. வினாடிக்கு 24 இலட்சம் சோடி எடுக்கும் டொங்கிள் 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை ஒரே பார்வையில் காட்டிவிடும்.

இனி லினக்ஸ் ஏன் என்ற கேள்வி. விண்டோஸிலும் இது ஓடும். வித்தியாசம், திறந்து பார்க்கலாம் என்பதில் இருக்கிறது. ஒஸ்மோகொம் மென்பொருளின் ‘ஆர்டிஎல் எஃப்எம்’ என்ற கோப்பைத் திறந்தால் ‘போலார் டிஸ்கிரிமினன்ட்’ என்று பெயரிட்ட சிறு செயற்கூறு இருக்கும். இப்போதைய எண்சோடியை முந்திய சோடியின் உடன்புணரியால் பெருக்குகிறது, வரும் விடையின் கோணத்தை எடுக்கிறது, 3.14159ஆல் வகுத்து 16,384ஆல் பெருக்குகிறது. முடிந்தது. பண்பலை வானொலியின் இதயம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வரிகள். அந்தப் பெருக்கலை மாற்றி எழுதி, திரும்பத் தொகுத்து, குரல் என்னவாகிறது என்று ஒரு மாணவர் அன்றைக்கே கேட்கலாம். பூட்டிவைத்த மென்பொருளில் இதற்கு இடமில்லை.

லினக்ஸில் முதல் நாள் ஒரு முட்டுக்கட்டை வரும், பயப்பட வேண்டாம். டொங்கிளைச் செருகியதும் கருநிரல் அதைத் தொலைக்காட்சிக் கருவி என்றே எண்ணித் தானே பிடித்துக்கொள்ளும். வானொலி மென்பொருளைத் திறந்தால் ‘யூஎஸ்பி கிளெய்ம் இன்டர்ஃபேஸ் எரர் -6’ என்று வந்து நிற்கும். ‘டிவிபி யூஎஸ்பி ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூ’ என்ற தொலைக்காட்சிக் கூறைத் தடைப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து, கணினியை மீண்டும் தொடக்கினால் சரியாகிவிடும்.

அடுத்தது செய்மதிப் படம். இணையத்தில் உள்ள பழைய வழிகாட்டிகள் பலவும் நோவா-15, 18, 19 ஆகிய அமெரிக்க வானிலைச் செய்மதிகளைப் பிடிக்கச் சொல்லும். அந்த மூன்றும் 2025 ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் ஓய்வு கொடுக்கப்பட்டுவிட்டன. 1998இல் ஏவிய நோவா-15 தான் கடைசியாக அணைந்தது. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வரிசையில் 2-3, 2-4 என்ற இரண்டும் 137 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் படம் அனுப்புகின்றன. ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நுணுக்கம், நோவாவின் பழைய முறையைவிட நான்கு மடங்கு கூர்மை.

இங்கும் அதே செக்குமாடுதான். ஆனால் இந்த மாடு நகர்ந்துகொண்டே இருக்காது. நான்கு மூலைகளில் ஒன்றில் நிற்கும், அடுத்த மூலைக்குத் தாவும், வினாடிக்கு 72,000 தடவை. ஒரு மூலைக்கு இரண்டு பிட். செய்மதி நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் டொப்ளர் விளைவால் மீடிறன் 3 கிலோஹேர்ட்ஸ் வரை கூடிக் குறையும், நான்கு மூலைகளும் சேர்ந்து மெல்லச் சுழலும். சாட்டம்ப் என்ற திறந்த மூல மென்பொருள் அந்தச் சுழற்சியைத் தொடர்ந்து திருத்தி, பிட்டுகளை அடுக்கி, முகில்களின் படமாக்கும்.

இதற்கு வேண்டிய அன்ரெனாவை வீட்டிலேயே செய்யலாம். 53.4 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு உலோகக் கம்பிகள், இடையில் 120 பாகை, நிலத்துக்குச் சமாந்தரமாக, வாய் வடக்கையோ தெற்கையோ பார்த்தபடி. மாத்தளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 360 மீட்டர் அளவில் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. கிழக்கே நக்கிள்ஸ் தொடர் 1,900 மீட்டருக்கு எழுகிறது. ஆகவே கிழக்கு வானில் தாழ்வாகப் போகும் செய்மதியை நகரத்தில் எதிர்பார்க்காதீர்கள். தலைக்கு மேலோ மேற்கிலோ போகும் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். தம்புள்ளை, கலேவெல பக்கம் இந்தத் தொல்லை குறைவு. ஒரு சுற்று அதிகபட்சம் 15 நிமிடம்தான். அதற்குள் பச்சை எண்களை அப்படியே சேமித்தால் 4.3 ஜிகாபைட் சேரும், வன்தட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தச் சில்லு ஒவ்வோர் எண்ணையும் 8 பிட்டில், 0 முதல் 255 வரைதான் எழுதும். பக்கத்தில் வலிமையான ஒலிபரப்புக் கோபுரம் இருந்தால் எண்கள் மேல் எல்லையில் முட்டி, இல்லாத நிலையங்கள் திரையில் முளைக்கும். மலிவான எல்இடி விளக்கும் போன் சார்ஜரும் போடும் இரைச்சல் செய்மதியின் மெல்லிய அலையை விழுங்கிவிடும். காணொளிகளில் வரும் பளிச்சென்ற படங்கள் இரைச்சல் இல்லாத இடத்தில், பல முயற்சிக்குப் பின் எடுத்தவை. உங்கள் முதல் படம் கோடு கோடாகத்தான் வரும். அது கருவியின் பிழையாக இருக்க வேண்டும் என்றில்லை. டொங்கிள் வாங்குவதானால் வெப்பத்துக்கு அசையாத பளிங்கு அலையாக்கி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மிக மலிவான போலிகளில் மேடையின் வேகமே நிலைகொள்ளாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மாத்தளை மாவட்டத்தின் பௌதிகவியல், இணைந்த கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு ஒரு டொங்கிள் போதும். ஆய்வுகூடத்தில் தூசி படிந்திருக்கும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவுங்கள். சிக்கலெண் பாடத்தைத் தொடங்கும் வாரத்தில் மாணவர்களைக் கூட்டிவைத்து, அந்தச் சில வரிச் செயற்கூறைத் திரையில் திறந்து, உள்ளூரில் நன்றாகக் கேட்கும் பண்பலை நிலையம் ஒன்றை அதன் வழியாக ஒலிக்க விடுங்கள். பிறகு உடன்புணரியை எடுத்துவிட்டு ஒலிக்க விடுங்கள். ஏன் குரல் போனது என்று அவர்களே சொல்லட்டும்.