பத்தருக்கு வாசனை வரலை!

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மனைவியின் சங்கிலியில் கொக்கி அறுந்தால் வீட்டில் என்ன நடக்கும்? அது குடும்ப ரகசியம், விடுங்கள். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, செங்கல்பட்டில் ஒரு நகைப் பட்டறைக்கு ஓடினேன்.

பத்துக்கு எட்டு அறை. குட்டை மேஜைக்குப் பின்னால் தரையில் பத்தர். அவர் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர். உள்ளே கால் வைத்ததுமே குப்பென்று ஒரு நாற்றம்.

"என்ன பத்தரே, கேஸ் வாசனை வருதே?"

மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே சார்!" என்றபடி தீப்பெட்டியை எடுத்தார்.

"ஐயோ, வேண்டாம்!" நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடை டீ மாஸ்டரே எட்டிப் பார்த்தார். வேலை பழகும் பையன் உதவி செய்யும் ஆசையில் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். அவனுக்கும் ஒரு சத்தம். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும். கேஸுக்கு அதுவே போதும்.

சிலிண்டரை மூடி, கதவை அகலத் திறந்துவிட்டு மூவரும் தெருவில் நின்றோம். நாற்றம் போன பிறகு, சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால்... ட்யூப் மாட்டிய இடத்தில் முட்டை முட்டையாக நுரை!

பத்தர் பொய் சொல்லவில்லை. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்ற மருந்தைக் கலக்கிறார்கள். ஆனால் ஒரே நாற்றத்தில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் மூக்குக்கு அது பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் சட்டென்று தெரியும்.

இன்னொரு சங்கடம். இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். ஜன்னல் தலைக்கு மேலே, கேஸ் தரையில், பத்தரும் தரையில்! காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் காற்றுப்போக்கி தரையை ஒட்டியும் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கரி அடுப்பும் ஊதுகுழலுமாக இருந்தது. புகை உண்டு, வெடி கிடையாது. கேஸ் வந்ததும் வேலை சுலபம், ஆபத்து புதுசு. ராஜஸ்தானில் பிகானீர் நகரில் 2025 மே 7 அன்று, நகைப் பட்டறைகள் நிறைந்த ஒரு மார்க்கெட்டில் சிலிண்டர் வெடித்தது. கட்டடம் இடிந்து, குறைந்தது 8 பேர் செத்துப் போனார்கள். காலையில் டிபன் சாப்பிட்டு வேலைக்கு வந்தவர்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் கூடுதலாக ஓர் எதிரி, உப்புக் காற்று! ரெகுலேட்டர், கிளிப், சிலிண்டர் அடிப்பாகம் எதையும் விடாது, துருப்பிடிக்க வைக்கும். போதாததற்கு, கடல் காற்றில் சுடர் ஆடுகிறது என்று கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தினால், கசிந்த கேஸ் போக வழி ஏது?

அப்புறம் பத்தரும் நானும் டீ குடித்தபடி பேசி முடிவு செய்தவை இவை. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். முதலில் தீக்குச்சி, அப்புறம்தான் கேஸ். திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடக் கூடாது. வேலை முடிந்தால் சிலிண்டரை முதலில் மூடி, ட்யூபில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்த பிறகு டார்ச்சை மூட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை ட்யூப்தான், வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றம். ஆக்சிஜனும் சேர்த்து வேலை செய்கிறவர்கள், நெருப்பு ட்யூபுக்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரைப் பொருத்தியே ஆக வேண்டும். ஆக்சிஜன் வால்வு பக்கம் எண்ணெய்க் கை போகவே கூடாது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டப்படி குற்றம். கடைக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. கசிவு நிற்கவில்லையா? வெளியே வந்து 1906-க்கு போன். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

நமக்கும் ஒரு வேலை உண்டு, ஆபீஸ் நண்பர்களே. தோடு திருகாணி, மெட்டி, கொக்கி என்று எதற்குப் பட்டறைக்குப் போனாலும், முதலில் மூக்கைத் தீட்டுங்கள். வாசனை வந்தால் கூச்சப்படாமல் வாயைத் திறங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்.

கொக்கி ஒட்டியாகிவிட்டது. "கூலி எவ்வளவு பத்தரே?" என்றேன்.

"இன்னிக்கு உங்க மூக்குக்கு நான்தான் சார் கூலி கொடுக்கணும்" என்றார். அப்புறம் பையனைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தார்:

"அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு நடை எட்டிப் பார்த்துட்டுப் போங்க சார். கொக்கி அறுந்தாத்தான் வரணும்னு இல்லை!"