கடம் கற்க வந்த சிறுமி

வீட்டில் தண்ணீர் வைத்திருக்கும் மண்பானையை எப்போதாவது விரலால் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் ஏற்காடு மலையில், வாழவந்திப் பக்கம், பிள்ளைகள் தட்டாத பொருளே கிடையாது. பெஞ்சு, டிபன் டப்பா, எண்ணெய் டின் எல்லாமே அவர்களுக்கு மேளம்தான். "சும்மா இருங்கடா" என்று ஆசிரியராக இருந்தபோது நானும் அதட்டியிருக்கிறேன். ஒருமுறை, பெஞ்சில் அழகாகத் தாளம் போட்ட ஒரு பெண் குழந்தையிடம், "பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தாளம்?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தட்டவே இல்லை. நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்பது, சுகன்யா ராம்கோபால் என்ற கடக் கலைஞரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கர்நாடக இசைக் கச்சேரியைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பாடகர். ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம். சற்றே பின்னால் தள்ளி, மடியில் பானையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வாசிப்பதுதான் கடம். இதற்கு 'உபபக்கவாத்தியம்' என்று பெயர். அதாவது, துணைக்குத் துணை! அழைப்பிதழில் அவர் பெயர் கடைசியில் வரும். பல கச்சேரிகளில் அவரை அழைக்கவே மாட்டார்கள்.

ஆனால் அது தண்ணீர்ப் பானை என்று நினைத்துவிடாதீர்கள். சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் செய்யப்படும் கடங்கள் பேர் பெற்றவை. சுவர் தடிமனாக, நல்ல கனமாக இருக்கும். எல்லாப் பக்கமும் தடிமன் சீராக வரும்வரை பச்சைப் பானையைப் பலகையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு சூளையில் சுடுவார்கள். வீணை என்றால் முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்க்கலாம். பியானோவில் 88 கட்டைகள். வேண்டிய சுரத்துக்கு வேண்டிய கட்டை. கடத்துக்கோ ஒரே சுருதிதான்! பாடுபவரின் சுருதிக்குப் பொருந்தும் பானையைத் தேடி எடுத்துப் போக வேண்டும்.

வாசிப்பது அதைவிடக் கஷ்டம். மிருதங்கத்தில் தோல் இருக்கிறது. அடித்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சுட்ட மண் விட்டுக்கொடுக்குமா? விரல்தான் வலிக்கும்! கழுத்துப் பக்கம் தட்டினால் 'கணீர்' என்று கேட்கும். பானையின் வாயை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மூடித் திறந்து வாசித்தால் 'கும்' என்று உள்ளிருந்து ஒரு நாதம் வரும். விரல் நுனி, நகம், உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் வேலை.

சுகன்யா 1957-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த 'தமிழ்த் தாத்தா' உ.வே.சாமிநாதையரின் கொள்ளுப்பேத்தி. சென்னை திருவல்லிக்கேணியில் ஹரிஹர சர்மா நடத்திய ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவுக்குச் சிறுமியாகப் போய்ச் சேர்ந்தார். கற்கப் போனது வயலின். காது என்னவோ பக்கத்தில் ஒலித்த மிருதங்கத்தின் மேல்! ஹரிஹர சர்மா அவருக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்து கடத்தின் மேல் ஆசை வந்தது. ஹரிஹர சர்மாவின் மகன் யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற கட வித்வான் விக்கு விநாயக்ராம்! அவர் தயங்கினார். பெண்ணின் விரல்களுக்கு இது கடினம் என்பது அவர் எண்ணம். அப்பா விடவில்லை. தானே கற்றுத் தருவதாகச் சொன்னார்; சொன்னபடி செய்தார். வெளிநாடு போய்த் திரும்பிய விக்கு விநாயக்ராம், சிறுமியின் வாசிப்பைக் கேட்டு மனம் மாறினார். பிறகு அவரே குருவானார்.

இதோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால், இல்லை. பெண் கடம் வாசித்தால் தாங்கள் உடன் வாசிக்க மாட்டோம் என்று மறுத்த மிருதங்க வித்வான்களும் இருந்தார்கள். திறமையில் குறை சொல்ல முடியாதபோது இப்படியும் ஒரு காரணம்!

சுகன்யா பானையைக் கீழே வைக்கவில்லை. வேறு வேறு சுருதியில் ஆறேழு கடங்களைத் தன்னைச் சுற்றி வரிசையாக வைத்து, அவற்றில் ராகத்தையே வாசித்தார். 'கட தரங்கம்' என்பது அதன் பெயர். ஒரு பானைக்கு ஒரே சுருதி என்றேனே, அந்தக் குறையையே அவர் எப்படி மாற்றிவிட்டார் பாருங்கள்! பெங்களூரில் குடியேறிய அவர், 1995-ல் 'ஸ்திரீ தாள தரங்கம்' என்ற பெண்கள் தாள வாத்தியக் குழுவைத் தொடங்கினார். பின்னால் உட்கார வேண்டிய கடம் அங்கே நடு மேடைக்கு வந்தது. 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதும் அவரைத் தேடி வந்தது. இருந்தும், நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அடுத்த முறை கச்சேரி கேட்டால், தனி ஆவர்த்தனம் வரும்போது எழுந்து போகாதீர்கள். (பெரியவர்கள் பலர் காப்பி குடிக்கப் போவது அப்போதுதான்!) மிருதங்கம் ஒன்றைச் சொல்லும், கடம் அதற்குத் தன் குரலில் பதில் சொல்லும். கேள்வியும் பதிலும் குட்டையாகிக்கொண்டே வரும். எட்டு நாலாகி, நாலு இரண்டாகி, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து முழங்குவார்கள். அதுவரை கடத்தை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள்.

வீட்டுப் பானையில் பழகுவதென்றால் மெல்லத் தட்டுங்கள். உடைந்தால் பாட்டியிடம் என் பெயரைச் சொல்லக் கூடாது!