ஓடத் தயங்கும் குழந்தை: பார்ப்போம், பதிவு செய்வோம்

விளையாட்டு வேளையில் சுவரோரம் ஒதுங்கும் குழந்தையைச் 'சோம்பேறி' என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அது பெருந்தசை வளர்ச்சித் தாமதமாகவும் இருக்கலாம்.

ஐந்து வயதுக் குழந்தை பொதுவாக ஓடும், ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்கும், நொண்டியடிக்கும், கால் மாற்றிப் படியேறி இறங்கும். இவற்றைக் காணத் தனித் தேர்வு வேண்டாம். பாண்டி விளையாட்டே போதும்.

பதிவேட்டில் கருத்தை எழுதாமல் கண்டதை எழுதுவோம். 'நடை சரியில்லை' என்பது பயன்படாது. 'தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுந்தான்; மூன்று முறையும் அப்படியே' என்பது மருத்துவருக்கு உதவும். தேதி, இடம், எத்தனை முறை என்பவையும் வேண்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்த்து ஒப்பிடலாம்.

தொடையில் கை ஊன்றி எழுவது தசை பலவீனத்தின் அடையாளம். ஆண் குழந்தைகளிடம் இது டுஷேன் தசைச் சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். விரைவில் கண்டறிந்தால், நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்தைக் காலத்தே தொடங்க முடியும். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாத குழந்தைக்கும், உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தும் குழந்தைக்கும் காத்திருப்பு கூடாது.

நோயின் பெயரைச் சொல்வது நம் வேலையன்று. பெற்றோரைத் தனியே அழைத்துப் பதிவைக் காட்டுவோம், "வீட்டில் எப்படி எழுகிறான்?" என்று கேட்போம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடமும் பதிவின் நகலைத் தருவோம்.

அதுவரை அந்தக் குழந்தையை விளையாட்டிலிருந்து விலக்க வேண்டாம். ஓட்டப் போட்டியில் நிறுத்தி நாணச் செய்யவும் வேண்டாம்.