பிள்ளை பிறந்த பிறகுதான் பயம்

பிரசவ வார்டு கதவைத் திறந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, "என்ன குழந்தை சிஸ்டர்?" "அவ எப்படி இருக்கா?" என்று கேட்பது பெரும்பாலும் பெற்றவளைப் பெற்றவள்தான். நர்ஸாக இருந்த காலம் முழுக்க நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது, குழந்தை அழுத பிறகு வரும் அந்த ஒரு மணி நேரத்தில்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகச் சுருங்கினால்தான் திறந்துகிடக்கும் குழாய்கள் அடைபடும். அதற்குத்தான் குழந்தை வந்த கையோடு தொடையில் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி. பிறகு கால் மணிக்கொரு தடவை தொப்புளுக்குக் கீழே கைவைத்துப் பார்ப்போம். கிரிக்கெட் பந்துபோல் தட்டுப்பட்டால் நிம்மதி. மெத்தென்று இருந்தால் ஒருத்தி அங்கேயே தேய்க்க, இன்னொருத்தி டிரிப்ஸுக்கு ஓட, டாக்டருக்கு போன் போகும்.

இந்த உதிரப்போக்குக்குச் சத்தம் கிடையாது. "தூக்கமா வருது சிஸ்டர்" என்பாள். களைப்பு என்று நினைத்து அத்தை போர்வையை இழுத்துவிடுவார். பி.பி. இறங்குவதற்கு வெகுமுன்பே நாடி எகிறியிருக்கும், பி.பி.யை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போச்சு.

இன்னொரு வம்பு, ரத்தத்தைக் கண்ணால் அளப்பது. 'சுமார் 300 மில்லி' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடலாம். துணியிலும் மெத்தையிலும் ஊறியது யார் கணக்கு? கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. இரண்டு லட்சத்துக்கும் மேல் பிரசவங்கள். இடுப்புக்கடியில் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. கோட்டைத் தாண்டினால் தேய்ப்பது, ஊசி, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில். கடும் உதிரப்போக்கு, அதனால் வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 60 சதவீதம் குறைவு. கருவி என்று சொல்ல அதில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு!

2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தார்கள். நாட்டின் சராசரி 97. அவசரப் பிரசவ சிகிச்சை தரும் சீமாங் சென்டர்களுக்கும், ஒவ்வொரு தாய் மரணத்தையும் தோண்டித் துருவிக் கேட்கும் தணிக்கைக்கும் இதில் பங்குண்டு. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு ரத்தம் கேட்டீர்கள், எப்போது வந்தது? அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே நேரம் எழுதப் பழகினோம்.

வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு பாட்டி, நனைந்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். "அரை மணியில இது மூணாவது, பாரும்மா." உடனே ஓடினோம், ரத்தம் ஏற்றினோம், அந்தப் பெண் பிழைத்தாள். அவர் அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தால், அடுத்த கால் மணி ரவுண்டில்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.