பின்பாட்டும் லூப் பெடலும்

தனியொரு கலைஞர் மேடையில் தாம் பாடிய அல்லது வாசித்த சிறு இசைத்துண்டை அங்கேயே பதிந்து, அது திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் அடுத்தடுத்த துண்டுகளை அடுக்கிச் சென்று, சில நிமிடங்களில் ஒரு குழுவே வாசிப்பது போன்ற நிறைவை உண்டாக்கும் முறைக்கு லைவ் லூப்பிங் என்று பெயர். இதற்குப் பயன்படும், காலால் மிதித்து இயக்கும் பெட்டியே லூப் பெடல்.

இதன் மூதாதை ஒலிநாடா. அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலி 1963இல் பாரிசில் ஒரே நாடாவை இரண்டு பதிவுக் கருவிகளின் வழியே ஓடவிட்டு, முதற்கருவி பதிந்ததை இரண்டாவது சற்றுப் பிந்தி ஒலிக்கச் செய்து, அந்த ஒலியையே மீண்டும் முதற்கருவிக்குள் செலுத்தினார். பிரையன் ஈனோவும் ராபர்ட் ஃபிரிப்பும் 1973இல் வெளியிட்ட இசைத்தட்டு இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது. இன்று நாடா இல்லை. மைக்கிலிருந்து வரும் மின்னலையைப் பொதுவாக நொடிக்கு 44,100 முறை அளந்து, அந்த எண்களைப் பெடல் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது.

முதல் மிதியில் பதிவு தொடங்குகிறது. இரண்டாம் மிதியில் பதிவு முடிந்து, துண்டு அக்கணமே தலையிலிருந்து ஒலிக்கிறது. அடுத்த மிதி ஓவர்டப் எனப்படும் மேற்பதிவுக்கு வழிவிடுகிறது. வித்தை முழுவதும் இரண்டாம் மிதியில் இருக்கிறது. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாள ஆவர்த்தனத்தை நான்கு நொடியில் வாசிப்பவர் பத்தில் ஒரு நொடி பிந்தி மிதித்தால், அந்த நொண்டல் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் திரும்பி வருவதோடு, மேலே அடுக்கப்படும் எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரில் தாளக் கலைஞர் ரிக் வாக்கர் தொடங்கிய சர்வதேச லூப்பிங் விழாவில் பல நாட்டுக் கலைஞர்கள் அடுத்தடுத்து மேடையேறினார்கள் என்றாலும், ஒவ்வொருவரும் பெரும்பாலும் தம் பெட்டியோடு தனித்தே வாசித்தார்கள் என்பது இக்கலையின் இயல்பைக் காட்டுகிறது.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுழற்சி புதிதன்று. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்தும் நிகழ்கின்றன. படுகளம், தீமிதி ஆகியவற்றோடு விழா முடிகிறது. வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாடி முடித்ததும், பின்னால் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு இருப்பவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள்; இதுவே பின்பாட்டு. அவ்வேளையில் மேடையில் இல்லாத நடிகர்களும் இதில் சேர்ந்துகொள்வதால், ஜமா எனப்படும் குழுவில் பாட்டு வேலை இல்லாதவர் என்று ஒருவரும் இருப்பதில்லை.

திருப்பிப் பாடுவதால் கிடைக்கும் பயன்கள் பல. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் சுமந்து இரவெல்லாம் ஆடுபவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் அவர் அடவு போடுகிறார், கிறுகிறுவெனச் சுழல்கிறார். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னர்க் கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் பாட்டின் சொல் போய்ச் சேர்ந்ததும் பெருமளவு இப்பின்பாட்டால்தான். கீச்சென்று உயரும் முகவீணை, குரல்கள் ஓயும் இடத்தை நிரப்புகிறது.

லூப் பெடலும் பின்பாட்டும் ஒரே தேவைக்குப் பிறந்தவை: ஒருவரால் தாங்க முடியாத பாட்டைத் தாங்குவது. ஆனால் பெடல் பதிந்ததையே திருப்பித் தரும். பின்பாட்டுக்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்து விரைவைக் கூட்டுவார், குரல் தளர்ந்தால் தாம் உரத்து எடுப்பார், அவர் அடியை மறந்தால் எடுத்துக்கொடுப்பார், அவர் சுழல்வது நீண்டால் இன்னும் இரண்டு முறை பாடுவார். தாளம் பிசகினாலும் அடுத்த சுற்றிலேயே அதை நேராக்கிவிட முடிகிறது. கீபோர்டிலும் ரிதம் பேடிலும் முன்கூட்டியே பதிந்த தாளத்தை ஓடவிட்டு ஆட்டத்தை அதற்குக் கட்டுப்படுத்தும் குழுக்கள் இந்த வசதியை இழக்கின்றன. அது சிக்கனம் போலத் தோன்றும் நட்டம். தனியாகப் பயிலும் மாணவர் பின்பாட்டைப் பதிந்து ஓடவிட்டுப் பாடிப் பழகுவதற்கு லூப் பெடல் நல்ல துணை. விழா மேடையில் ஜமாவின் இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பென்னாகரம் பக்கம் கூத்து பார்க்கப் போகிறவர்கள் வேடக்காரரோடு நின்றுவிடாமல், பின்னால் இருப்பவர்கள் எந்தச் சொல்லில் பாட்டை எடுக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள் என்பதையும் கவனித்துக் கேட்க வேண்டும்.